இஸஹாயாவின் சேற்று மீன்

2023-ம் வருஷம் மார்ச் மாதம் 1-ந் தேதி ஜப்பானிய சுப்ரீம் கோர்ட் பிறப்பித்த ஓர் உத்தரவைப் பற்றி நமது நாட்டில் அதிகமான பேச்சு எழவில்லை. இஸஹாயா வளைகுடாவை மறித்துக் கட்டப்பட்ட கடல் அணையின் மதகுகளை ஐந்து வருஷ காலம் திறந்து வைக்க வேண்டுமென்று 2010-ம் வருஷத்தில் புகுவோகா ஹைக்கோர்ட் அளித்த தீர்ப்பை, இனி மீனவர்கள் சர்க்கார் மீது வற்புறுத்தி நிறைவேற்றிக்கொள்ள முடியாது என்பதே அவ்வுத்தரவின் சாரம். ஒரு நீதிமன்றம் திறக்கச் சொல்லிற்று, தீர்ப்பு இறுதியாயிற்று, மதகு திறக்கப்படவே இல்லை, பதின்மூன்றாவது வருஷத்தில் அத்தீர்ப்பின் உயிரும் போயிற்று. தூர தேசத்து வழக்குதானே என்று நமது நேயர்கள் இதைத் தள்ளிவிடலாகாது. கழிமுகங்களும் சேற்று வெளிகளும் உடைய நமக்கு இதில் அறிய வேண்டியவை பல இருக்கின்றன. ஒரு சாண் நீளமுள்ள மீன் ஒன்று இந்த விவகாரத்தின் நடுவே நிற்கிறது. அந்த மீனிலிருந்தே தொடங்குவோம்.

ஜப்பானின் தெற்கிலுள்ள கியூஷூ தீவின் மேற்குப் புறத்தில் அரியாக்கே என்னும் உட்கடல் ஒன்று இருக்கிறது. நாகஸாகி, ஸாகா, புகுவோகா, குமமோட்டோ ஆகிய நான்கு ஜில்லாக்கள் அதைச் சூழ்ந்துள்ளன. அங்கே ஏற்றத்திற்கும் வற்றத்திற்கும் இடையே நீர்மட்டம் சுமார் 20 அடி மாறும். ஜப்பானில் வேறெங்கும் இவ்வளவு பெரிய வற்று ஏற்றம் கிடையாது. கடல் வற்றும்போது மைல் கணக்கில் சேறு வெளிப்படும். அந்நாட்டின் சேற்று வெளிகளில் ஏறக்குறைய 40 சதவிகிதம் இந்த ஒரு கடலைச் சேர்ந்தது என்பர். இச்சேற்றில் வாழும் ஒரு மீனுக்கு முத்ஸுகோரோ என்று பெயர். ஜப்பானில் அரியாக்கேயிலும், அதை அடுத்த யட்ஸுஷிரோ கடலின் ஒரு பகுதியிலுமே அது உண்டு. கொரியா, சீனா, தைவான் கரைகளிலும் அது வாழ்கிறது. ஜப்பானியத் தீவுகள் ஒரு காலத்தில் கண்டத்தோடு தொடர்பு கொண்டிருந்ததற்கு இன்றும் எஞ்சியிருக்கும் அடையாளம் என்று விஞ்ஞானிகள் இதைக் கருதுகிறார்கள். அந்நாட்டுச் சர்க்காரே வெளியிடும் அழிவு அபாய ஜாபிதாவில் இதன் பெயரும் இருக்கிறது.

நீரை விட்டு வெளியேறிச் சேற்றின் மேல் மார்புத் துடுப்புகளை ஊன்றி நடக்கும் மீன் இது. தலையின் உச்சியில் தவளைக்கு இருப்பது போல் பிதுங்கிய கண்கள். உடலெங்கும் நீலப் புள்ளிகள். கண் உலர்ந்தால் அதைக் குழிக்குள் இழுத்து நனைத்துக்கொள்ளும். தோலாலும் வாயின் உட்புறத்தாலும் காற்றிலுள்ள பிராணவாயுவை ஏற்கும். கோடையின் தொடக்கத்தில் ஆண் மீன் முதுகுத் துடுப்புகளை விரித்து, உடலளவுக்கு மேல் துள்ளிக் குதித்து, பெண் மீனை அழைக்கும். இதன் உணவு புழுவும் பூச்சியுமல்ல. சூரிய வெளிச்சத்தில் சேற்றின் மேற்பரப்பில் படரும் நுண்ணிய பாசியை, தலையை இடமும் வலமும் ஆட்டி, அரிவாளால் புல் அறுப்பவன் போல வாரி உண்ணும். ஆதலால் இந்த மீன் திரியும் இடத்தில் சேறு உயிரோடிருக்கிறது என்று தைரியமாகச் சொல்லலாம். ஏற்றமும் வற்றமும் நின்று, உப்பும் வெளிச்சமும் மாறி மாறி வராதொழிந்தால் பாசி இல்லை; பாசி இல்லையேல் மீனும் இல்லை.

இதன் சிறிய உறவினம் ஒன்று அதே கரைகளில் வாழ்கிறது. அதன் முட்டை காக்கும் விதத்தை நாகஸாகி சர்வகலாசாலையைச் சேர்ந்த ஆராய்ச்சியாளர்கள் 2007-ம் வருஷத்தில் விளக்கினார்கள். சேற்றுக்குள்ளிருக்கும் நீரில் பிராணவாயு மிகக் குறைவு. எனவே ஆண் மீன் வெளியே வந்து வாய் நிறையக் காற்றை எடுத்துச் சென்று, வளையின் கோடியிலுள்ள அறையில் சேர்க்கிறது. முட்டைகள் அறையின் கூரையில் ஒட்டிக்கொண்டு அக்காற்றிலேயே வளர்கின்றன. குஞ்சு பொரிக்கும் பக்குவம் வந்ததும், இரவில் கடல் ஏறும் வேளையில், அதே தகப்பன் மீன் அந்தக் காற்றை வாய் வாயாக வெளியேற்றுகிறது. நீர் அறைக்குள் பாய்கிறது, குஞ்சுகள் பிறக்கின்றன. கடல் ஏறும் நாழிகையைப் பிசகாது அறிந்த இந்த ஜீவனுக்கு, கடலே ஒரு நாள் ஏறாது நின்றுவிடும் என்று எப்படித் தெரியும்?

மீனவர்களுக்கும் இம்மீனுக்கும் நெடுநாளைய உறவு உண்டு. ஒரு பலகையின் மீது ஒரு முழங்காலை ஊன்றி, மறு காலால் சேற்றை உந்தி வழுக்கிச் செல்வார்கள். இரையே இல்லாத தூண்டிலை நெடுந்தூரம் வீசி, மீனுக்கு அப்பால் விழச் செய்து, ஒரே சுண்டில் அதைக் கொத்தி இழுப்பார்கள். பல வருஷப் பயிற்சி வேண்டிய வித்தை அது. பிடித்ததைத் தீயில் வாட்டித் தித்திப்பான சாந்து பூசி உண்பது அக்கரையின் பெயர்பெற்ற பதார்த்தம்.

இஸஹாயா வளைகுடா அரியாக்கே கடலின் மேற்குக் கை. அதை மூடிவிட வேண்டுமென்ற யோசனை 1952-ம் வருஷத்தில் பிறந்தது. மகாயுத்தத்தில் தோற்று, அரிசிக்குத் தவித்துக்கொண்டிருந்த ஜப்பானில், நாகஸாகி ஜில்லாவின் கவர்னராயிருந்த நிஷியோகா டகேஜிரோ என்பவர், வளைகுடா முழுவதையும் அடைத்து நெல் வயலாக்கலாம் என்றார். பசித்த காலத்தில் எழுந்த இந்த யோசனையை நாம் பரிகசிக்க மாட்டோம். அன்றைய நிலையில் அது நியாயமாகவே தோன்றியிருக்கும். ஆனால் பிறகு என்ன நடந்தது? ஜப்பானில் அரிசி பெருகிற்று. தேவைக்கு மேல் விளைந்து, விளைச்சலைக் குறைக்கும்படி சர்க்காரே விவசாயிகளுக்குச் சொல்லும் காலம் வந்தது. அரிசி வேண்டாமென்றதும் திட்டம் போயிற்றா? இல்லை. 1970-ம் வருஷத்தில் குடிதண்ணீருக்கும் தொழில்களுக்கும் நீர் தேக்கும் திட்டமாக அது மறுபிறவி எடுத்தது. மீனவர்களின் எதிர்ப்பால் 1982-ல் அது கைவிடப்பட்டது. பிறகு அளவில் சிறுத்து, வெள்ளமும் புயலலையும் வராமல் தடுக்கும் திட்டம் என்று மூன்றாவது வேஷம் பூண்டு 1986-ல் ஏற்கப்பட்டது. 1989-ல் வேலை தொடங்கிற்று. காரணங்கள் ஒவ்வொன்றாகச் செத்தன. காரியம் மட்டும் சாகவில்லை. காரியாலயங்களில் பிறக்கும் திட்டங்களுக்கு இப்படிப்பட்ட சிரஞ்சீவித்தன்மை உண்டு என்பதை நமது தேசத்திலும் நாம் கண்டிருக்கிறோம்.

வெள்ளத் தடுப்பு என்ற காரணம் வெறும் பாசாங்கு என்று நாம் சொல்ல வரவில்லை. 1957-ம் வருஷம் ஜூலை மாதத்தில் இஸஹாயா நகரில் பெருமழையால் ஆறு பெருகி ஐந்நூறு பேருக்கு மேல் மாண்டனர். அத்துயரத்தைக் கண்ட ஊர், வெள்ளத்துக்குப் பரிகாரம் என்று சொன்ன எதையும் எளிதில் மறுக்காது. ஆயினும் அன்று வந்த வெள்ளம் மலையிலிருந்து வந்தது. அணையோ கடலில் கட்டப்பட்டது. தாழ்ந்த வயல்களில் தேங்கும் நீரை வடிக்கவும், புயற்காலத்தில் கடல் ஏறுவதைத் தடுக்கவும் அணை உதவும் என்பதை எதிர்த்தவர்களிலும் பலர் மறுக்கவில்லை. அதற்கு வளைகுடாவையே கொல்ல வேண்டுமா, கரையை உயர்த்தி நீரிறைக்கும் பம்புகளை வைத்தால் போதாதா என்பதே அவர்கள் கேட்ட கேள்வி. அக்கேள்விக்குத் திருப்தியான விடை அளிக்கப்பட்டதாக நமக்குத் தோன்றவில்லை.

1997-ம் வருஷம் ஏப்ரல் மாதம் 14-ந் தேதி, அணையில் எஞ்சியிருந்த 1,200 மீட்டர் இடைவெளியில் 293 இரும்புத் தகடுகள் ஒன்றன்பின் ஒன்றாக இறங்கின. கோடியிலிருந்து கோடி வரை அவை விழுந்து முடிய முக்கால் நிமிஷம் ஆயிற்று. பிரெஞ்சுப் புரட்சியில் தலை வெட்டிய கில்லட்டினின் பெயரை ஜப்பானியர் அதற்கு இட்டனர். டெலிவிஷனில் அக்காட்சியை நாடே கண்டது. 7 கிலோ மீட்டர் நீளமுள்ள அணைக்குள் 3,550 ஹெக்டேர் கடல் அகப்பட்டது. நாட்கள் செல்லச் சேறு வெடித்தது. அதில் வெள்ளை வெளேரென்று சிப்பி ஓடுகள் பரவிக் கிடந்தன. தன்னார்வமாக வந்த ஜனங்கள் வெடிப்புகளிலிருந்து மீன்களைப் பொறுக்கி, வேறு கரையில் கொண்டுபோய் விட்டார்கள். கண் கெட்ட பிறகு சூரிய நமஸ்காரம் என்று சிலர் நகைத்திருக்கலாம். நாம் நகைக்க மாட்டோம்; அந்த வாளிகளில் இருந்தவையாவது பிழைத்தன அல்லவா?

அதற்கு முந்திய வருஷமே, 1996-ல், நாகஸாகி ஜில்லாக் கோர்ட்டில் ஒரு விநோதமான வழக்குத் தாக்கலாயிற்று. அதில் மனிதரோடு சேர்ந்து முத்ஸுகோரோ மீனும் ஒரு வாதி! தான் வாழும் இடத்தைக் காக்கும் உரிமை அதற்கு உண்டு என்பதே வாதம். கோர்ட் அதை ஏற்கவில்லை. மீனுக்கு வழக்காடும் யோக்கியதை கிடையாதாம். கன்றை இழந்த பசு ஆராய்ச்சி மணியை அடித்தபோது அரசன் எழுந்து வந்தான் என்று கதை சொல்லும் நமக்கு இவ்வழக்கு அவ்வளவு விநோதமாகத் தோன்றாது. இஸஹாயாவாசியாகிய யமஷிட்டா ஹிரோபுமி என்பவர் இருபது வருஷத்துக்கு மேல் அச்சேற்றுக்காக வாதாடினார். 1998-ம் வருஷத்தில் கோல்டுமன் பரிசு என்னும் சர்வதேச மதிப்பு அவரைத் தேடி வந்தது. மதகு மூடியே இருக்க, 2000-ம் வருஷத்தில் அவர் காலமானார்.

அணைக்கு வெளியே இருந்த கடல் என்ன ஆயிற்று? 2000-ம் வருஷக் குளிர்காலத்தில் அரியாக்கே முழுவதும் 'நோரி' என்னும் கடற்பாசிப் பயிர் நிறம் வெளுத்தது. நோரி அப்பகுதி மீனவர்களின் பிரதான ஜீவனம். 2001 ஜனவரியில் நூற்றுக்கணக்கான படகுகள் அணையைச் சூழ்ந்து முழக்கமிட்டன. சர்க்கார் நியமித்த நிபுணர் கமிட்டியே மதகைத் திறந்து பரீட்சித்துப் பார்க்கும்படி சொல்லிற்று. 2002-ம் வருஷ வசந்தத்தில் ஒரு மாதத்திற்கும் குறைவான காலம், அதுவும் சிறிதளவே, கடல்நீர் உள்ளே விடப்பட்டது. பிறகு மூடியதுதான். நீண்ட காலப் பரீட்சை செய்யச் சர்க்கார் மறுத்துவிட்டது. இந்த மறுப்பையே நாம் எல்லாவற்றிலும் பெரிய குற்றமாகக் கருதுகிறோம். அணையால்தான் நோரி கெட்டது என்று மீனவர்கள் சொல்கிறார்கள். வெப்பம், மழை, கழிவுநீர் என்று வேறு காரணங்களைச் சர்க்கார் சொல்கிறது. திறந்து பார்த்தாலன்றி எது உண்மை என்று தெரியாது. அத்தாட்சி கொண்டுவா என்று வாதியிடம் கேட்டுவிட்டு, அத்தாட்சி இருக்கும் அறையின் சாவியைப் பிரதிவாதி மடியில் கட்டிக்கொள்வது என்ன நியாயம்?

இனி நீதிமன்றங்களின் கதை. 2004-ல் ஸாகா ஜில்லாக் கோர்ட் அணை வேலையை நிறுத்தச் சொல்லிற்று. 2005-ல் ஹைக்கோர்ட் அதை ரத்து செய்தது. 2007-ல் வேலை முடிந்தது. ஆரம்ப மதிப்பைப் போல் ஏறக்குறைய இரண்டு மடங்கு, அதாவது சுமார் 25,000 கோடி யென் செலவாயிற்று. செலவைவிட வரவு குறைவென்று சர்க்காரின் சொந்தக் கணக்கே காட்டிற்று. 2008-ல் ஸாகா ஜில்லாக் கோர்ட் மதகுகளை ஐந்து வருஷம் திறந்து வைக்க உத்தரவிட்டது. 2010 டிசம்பரில் புகுவோகா ஹைக்கோர்ட் அதை உறுதி செய்தது. அப்போது பிரதம மந்திரியாயிருந்த நவோட்டோ கான், இஸஹாயாவுக்குப் பல முறை சென்று பார்த்தவர். அப்பீல் செய்வதில்லை என்று அவர் முடிவு செய்ததால் தீர்ப்பு இறுதியாயிற்று. மூன்று வருஷத்துக்குள் திறக்க வேண்டும்.

கெடு தீர ஒரு மாதம் இருக்கையில், 2013 நவம்பரில், மீட்ட நிலத்தில் குடியேறிய விவசாயிகள் நாகஸாகி ஜில்லாக் கோர்ட்டில் திறக்கலாகாது என்று தடையுத்தரவு பெற்றார்கள். உப்பு நீர் வந்தால் பயிர் போகும் என்பது அவர்களுடைய அச்சம். ஆற்றிலே ஒரு கால் சேற்றிலே ஒரு கால் என்பார்கள். ஜப்பானிய சர்க்காரின் நிலை அதுவாயிற்று. திறக்காவிட்டால் மீனவர்களுக்கு நாளொன்றுக்கு 4,90,000 யென் அபராதம். திறந்தால் விவசாயிகளுக்கு அதே தொகை அபராதம்! 2015 ஜனவரியில் சுப்ரீம் கோர்ட் இரண்டையும் செல்லும் என்றது. மீனவர்களுக்குரிய தொகை பிறகு 9 லட்சம் யென்னாக உயர்ந்தது. சர்க்கார் திறக்காதிருப்பதையே தேர்ந்தெடுத்து, மொத்தத்தில் 120 கோடி யென்னுக்கு மேல் கட்டிற்று. இறுதியான தீர்ப்பை மீறிக்கொண்டு, ஜனங்களின் வரிப்பணத்திலிருந்து நாள்தோறும் அபராதம் செலுத்திவந்த சர்க்கார், சட்டத்துக்குக் கீழ்ப்படியும்படி குடிகளுக்கு எந்த முகத்தோடு உபதேசிப்பது?

ஒரு விஷயத்தை இங்கே குறிப்பிட வேண்டும். ஒரே சர்க்கார் இரண்டு வழக்கிலும் பிரதிவாதி. இரண்டிலும் தோற்றது. நாகஸாகி வழக்கில், மதகு திறக்காவிட்டால் மீன்வளத்துக்குக் கேடு என்ற வாதத்தை அது எடுத்துச் சொல்லவே இல்லை. தோற்கவே விரும்பியது போல் வழக்காடிற்று என்று மீனவர் தரப்பு வக்கீல்கள் குறை கூறினார்கள். அந்தக் குறை ஆதாரமற்றது என்று நம்மால் சொல்ல முடியவில்லை.

மதகைத் திறக்காமலே சமாதானம் செய்துகொள்ள 1,000 கோடி யென் நிதி தருவதாகச் சர்க்கார் சொல்லிப் பார்த்தது. மீனவர் சங்கங்களுக்குள் பிளவு உண்டாயிற்று, வழக்காடியவர்கள் இசையவில்லை. 2018-ல் ஹைக்கோர்ட் பழைய தீர்ப்பைச் செல்லாததாக்கிற்று. 2019-ல் சுப்ரீம் கோர்ட் மறுவிசாரணைக்கு அனுப்பிற்று. 2022 மார்ச்சில் ஹைக்கோர்ட் மீண்டும் சர்க்கார் பக்கம் நின்று, மீனவர்கள் தீர்ப்பை வற்புறுத்துவது உரிமையைத் துஷ்பிரயோகம் செய்வதாகும் என்றது. மேலே சொன்ன 2023 மார்ச் உத்தரவு அதை நிலைநாட்டிற்று. முக்கால் நிமிஷத்தில் மூடியதை இருபத்தாறு வருஷத்தில் திறக்க முடியவில்லை.

விவசாயிகளைச் சத்துருக்களாக எண்ணுவது தவறு. சர்க்கார் கூப்பிட்டு நிலம் கொடுத்தது, வந்தார்கள். அவர்களிலும் சிலர் 2018-ல் வேறு விதமாக வழக்குத் தொடர்ந்தார்கள் என்பது பலருக்கு ஆச்சரியமாயிருக்கும். அணைக்குள் தேங்கிய நன்னீர் ஏரியில் காட்டு வாத்துகள் கூட்டங் கூட்டமாக இறங்கிப் பயிரைத் தின்கின்றன, ஆகையால் மதகைத் திறவுங்கள் என்பது அவர்கள் கோரிக்கை. அந்த ஏரியிலோ கோடையில் நச்சுப் பாசி பூத்துப் பச்சையாகத் திரள்கிறது. வற்றம் வரும்போதெல்லாம் அந்நீரை வெளியே கடலில் வடிக்கிறார்கள். கடல் உள்ளே வரலாகாது. உள்ளிருப்பது கடலுக்குப் போகலாம். 'தைராகி' என்னும் பெரிய சிப்பியைப் பிடிக்கும் தொழில் 2012 முதல் வருஷா வருஷம் அக்கடலில் நிறுத்தி வைக்கப்பட்டுவந்தது. 2022-23 பருவத்தில் நோரி கெட்டு, பத்தொன்பது வருஷமாக விற்பனையில் முதலிடத்திலிருந்த ஸாகா ஜில்லா அந்த இடத்தை இழந்தது.

இவ்வளவுக்குப் பிறகும் முத்ஸுகோரோ முற்றும் அழிந்துவிடவில்லை என்பது நமக்கு ஆறுதல். வடக்கே ஸாகா ஜில்லாக் கரையிலும் அது ஒரு காலத்தில் வெகுவாகக் குறைந்து, பிடிப்பவர் கைக்கு அகப்படாமற் போயிற்று. அங்கே சேற்றை மூடவில்லை. அஷிகாரி என்னும் இடத்தில் ஒரு பகுதியைப் பிடிக்கக்கூடாத காப்பிடமாக ஒதுக்கினார்கள். மீன் மறுபடியும் தலை காட்டிற்று. இன்று அக்கரையில் நின்றால் கோடைக்காலத்தில் அது துள்ளுவதைக் குழந்தைகளும் காணலாம். 2015-ம் வருஷத்தில் ஹிகாஷியோகா, ஹிஸென் காஷிமா என்னும் இரு சேற்று வெளிகள் ராம்ஸார் உடன்படிக்கையின் ஜாபிதாவில் சேர்ந்தன. காஷிமாவில் 1985 முதல் சேற்றிலேயே ஓட்டமும் பந்தயமும் நடத்தி ஊரார் ஒரு திருவிழாவே கொண்டாடுகிறார்கள். சேறு பூசிக்கொள்வதில் கௌரவக் குறைவு காணாத ஜனங்கள்! மீன் வேண்டிக்கொண்டதெல்லாம் சில வருஷம் தன்னை விட்டுவைக்க வேண்டுமென்பதும், கடல் தினம் இரு முறை வர வேண்டுமென்பதுமே. முதலாவதை மனிதன் தரலாம், மறுக்கலாம், மறுபடி தரலாம். இரண்டாவதை ஒரு தடவை மறுத்துவிட்டால் திரும்பக் கொடுப்பது எத்தனை கஷ்டம் என்பதை அதே கடலின் இரு கரைகள் காட்டுகின்றன.

அண்டை நாடாகிய கொரியாவிலும் இதே மீன் உண்டு. தெற்குக் கரையிலுள்ள ஸுன்சியோன் வளைகுடாவில் அதைச் சூப்பாகக் காய்ச்சிக் குடிக்கிறார்கள். 1990-களில் அவ்வளைகுடாவில் விழும் ஆற்றின் முகத்தில் மணலும் சரளையும் வாரும் யோசனை வந்தது. அங்கேயும் வெள்ளத் தடுப்பு என்றுதான் சொன்னார்கள். ஊரார் எழுந்தார்கள், யோசனை ரத்தாயிற்று. 2006-ல் ராம்ஸார் ஜாபிதாவில் சேர்ந்தது. குளிர்காலத்தில் வரும் கொக்குகள் கம்பியில் அடிபடுகின்றன என்று 2009-ல் நகரசபை வயல்களிலிருந்த 282 மின்சாரக் கம்பங்களைப் பிடுங்கி எறிந்தது. 2021-ல் உலகப் பாரம்பரியச் சின்னமாக அச்சேறு ஏற்கப்பட்டது. ஆனால் கொரியரை அளவுக்கு மேல் புகழ வேண்டாம். அதே நாட்டில், அதே 2006-ம் வருஷத்தில், ஸேமாங்கும் என்னும் இடத்தில் 33 கிலோ மீட்டர் அணையால் 400 சதுர கிலோ மீட்டர் கடல் மூடப்பட்டது. அதுவும் முதலில் நெல்லுக்காகவே தீட்டப்பட்டது.

நமது கரைக்கு வருவோம். முத்ஸுகோரோ இங்கே இல்லை. அதன் நெருங்கிய உறவினங்கள் வெள்ளாற்று முகத்திலும், பிச்சாவரத்திலும், முத்துப்பேட்டையிலும் சேற்றில் துள்ளுகின்றன. நமது ரெவினியூ கணக்கில் இச்சேறு எப்படிப் பதிவாகியிருக்கிறது? தீர்வை கட்டாத நிலமெல்லாம் தரிசு, புறம்போக்கு என்று வெள்ளைக்காரக் கலெக்டர்கள் எழுதி வைத்தார்கள். வெள்ளையர் போயும் அவ்வெழுத்துப் போகவில்லை. புறம்போக்கு என்றால் யாருக்கும் சொந்தமில்லாதது, ஆகையால் எதற்கும் எடுத்துக்கொள்ளலாம் என்ற பொருள் அதில் ஏறிவிட்டது. எண்ணூர்க் கழிமுகத்தில் நிலக்கரிச் சாம்பல் படிந்த கதையைச் சென்னைவாசிகள் அறிவார்கள். வலை வீசியும், இறால் தடவியும் பிழைக்கும் குடும்பங்களுக்கு அது என்றும் தரிசாயிருந்ததில்லை.

சட்டம் இல்லாமலில்லை. 2019-ம் வருஷத்துக் கடற்கரை ஒழுங்கு அறிக்கை, உயிர் வாழ்க்கை நிறைந்த சேற்று வெளிகளை மிக உயர்ந்த காப்பு வகுப்பில் சேர்த்திருக்கிறது. நல்லது. ஆனால் ஒரு சேற்று வெளியில் உயிர் நிறைந்திருக்கிறதா என்று தீர்மானிப்பவர் யார்? வரைபடம் தீட்டுகிறவர். அவர் வற்றம் பார்த்துச் சேற்றில் இறங்கினாரா, ஆகாயத்திலிருந்து எடுத்த படத்தை மேஜை மீது வைத்துக் கோடு போட்டாரா என்பதைப் பொறுத்து ஒரு கழிமுகத்தின் ஆயுள் நிச்சயமாகும். 2022-ல் பிச்சாவரம் ராம்ஸார் ஜாபிதாவில் இடம்பெற்றது. அலையாத்திக் காடுகளுக்கு இருக்கும் மதிப்பு, மரமில்லாத வெறுஞ்சேற்றுக்கு இன்னும் வரவில்லை. படத்தில் பச்சையாகத் தெரிவதைக் காப்பதும், பழுப்பாகத் தெரிவதை விட்டுவிடுவதும் வழக்கமாகியிருக்கிறது.

ஆகையால் சென்னை சர்க்கார் செய்ய வேண்டிய காரியம் ஒன்று உண்டு. அதற்கு அதிகப் பணம் வேண்டியதில்லை. பழவேற்காடு முதல் முத்துப்பேட்டை வரையுள்ள கழிமுகங்களின் சேற்று வெளிகளில், எந்தத் துறைமுகமோ ஆலையோ மனுப் போடுவதற்கு முன்னமே, துள்ளும் மீன்களை எண்ணிக் கணக்கெடுக்க வேண்டும். பரங்கிப்பேட்டையில் கடல் ஆராய்ச்சி செய்யும் சர்வகலாசாலைப் பகுதி இருக்கிறது. அந்தந்தக் கரையின் மீனவர்களை உடனழைத்துக்கொண்டு, வற்று நேரத்தில் இறங்கினால் வளைகளை எண்ணிவிடலாம். மீன் எத்தனை, எந்த இனம், எந்த சர்வே நம்பர் என்று எழுதி, கடற்கரை வரைபடத்தோடு சேர்த்து, கிராமச் சாவடியில் தமிழில் ஒட்ட வேண்டும். இஸஹாயாவில் மீன் வாதியாக வந்தபோது அதற்கு யோக்கியதை இல்லை என்றார்கள். நமது ரிஜிஸ்தரில் அது சாட்சியாகவாவது ஏறட்டும்.